ஆபீஸ் நாட்களுக்கான துணி

அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் நான்கு நாள் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று காலையில் மெயில் வந்தது. இருக்கிற துணி போதுமா என்று பார்க்க பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை, அதோடு அடைமழையில் சரியாகக் காயாத பருத்தியின் புளித்த வாடை. நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்த சாம்பல் நிறக் குர்தா மேல் தட்டிலேயே இருந்தது. கதவை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இறந்தவர்களுக்கு எழுதினால் அவர்களுக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. உனக்கு அப்படிப்பட்ட நம்பிக்கைகள் இருந்தன.

தொற்றுக்காலம் ஓய்ந்து, மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு என்று முதல் உத்தரவு வந்தபோது நம் இருவருக்கும் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. நைட்டியிலேயே வருடங்கள் ஓடியிருந்தன. ஜாக்கெட்டெல்லாம் சிறுத்துவிட்டது என்றேன். “அது சிறுக்கலடி, நாமதான் பெருத்துட்டோம்” என்றாய்.

தஞ்சாவூர் அலுவலகத்துக்கு நீ மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் பாபநாசத்திலிருந்து ரயிலில். ஒரு சனிக்கிழமை தஞ்சாவூர் கீழவாசலில் சந்தித்துத் துணிக்கடைக்குப் போனோம். கடைப் பையன் வழுவழுப்பான ஒரு துணியை எடுத்துப் போட்டு, “மேடம், இதுக்கு அயர்னே வேணாம்” என்றான்.

“அறுப்பு சமயத்துல எங்க பஸ்ல ஒரு நாள் வந்து பாருங்க தம்பி. ஜன்னல் வழியா வர்ற நெல்லுச் சுணை பூரா இதுல ஒட்டிக்கும். அப்புறம் மீட்டிங்ல உக்காந்து சொறியவேண்டியதுதான்” என்றாய்.

பருத்தி மட்டும் என்று முடிவு செய்தாய். மேலே ஒரே நிறம், ஏனென்றால் கோடு போட்டது வீடியோ மீட்டிங் கேமராவில் ஆடும். கீழே கறுப்பு அல்லது கருநீலம், பஸ் நிலையத்துச் சேற்றுக்கு. எதனோடும் ஒத்துப்போகிற மாதிரி இரண்டு துப்பட்டா. வீட்டு நாட்களில் நைட்டிக்கு மேலேயே குர்தாவை மாட்டிக்கொள்ளலாம். “கேமராவுக்கு இடுப்புவரைக்குந்தான் கண்ணு” என்றாய். எனக்குச் சிரிப்பு அவ்வளவு எளிதில் வராது. அன்று வந்தது.

மறு வருடம் உனக்கு இடது மார்பை எடுத்தார்கள். அலுவலகத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்தாய். நம் வயதுப் பெண்களிடம் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. உடம்பு முடியவில்லை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்ட ஒருத்திக்கு முதலில் வேலை ஒதுக்காமல் விட்டதையும், பிறகு அவளையே அனுப்பிவிட்டதையும் நாம் இருவரும் பார்த்திருந்தோம். யாரோ வெளிநாட்டு நோயாளிகளின் மருத்துவ பில்களைச் சரிபார்ப்பதுதான் அங்கே நம் வேலை. அதை நினைத்து நீ ஒருபோதும் சிரித்ததில்லை.

“எங்கிட்டயாவது கொஞ்சம் ஓய்வெடுக்கறேன்னு சொல்லேன்” என்று கேட்டேன்.

“ஆபீஸ்ல அந்த சீட்டு போச்சுன்னா நான் வெறும் நோயாளிடி. வேற ஒண்ணுமே இல்ல” என்றாய்.

பிறகு துணியை எல்லாம் மறுபடி முதலிலிருந்து யோசித்தோம். குர்தாவில் ஒரு பக்கம் தட்டையாகத் தெரிந்ததால் சேலைக்கு மாறினாய். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த பாடி. மாராப்பை மடிப்பு வைத்து, தோளில் பின் குத்தி, அசையாமல் நிறுத்துவாய். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததில் இடது கை முழங்கைக்கு மேலே வீங்க ஆரம்பித்தது. மன்னார்குடியில் உனக்குத் தைக்கும் பெண்ணிடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனாய். வீங்கிய கைக்கு வீட்டிலேயே அளவெடுத்து வந்து, முழங்கைவரை நீளம் வைத்து, இரண்டு கைகளையும் அதே அளவில் வெட்டச் சொன்னாய்.

“ஆளு பாதியா இளைச்சிட்டீங்க, கை மட்டும் இவ்ளோ பெருசா கேக்கறீங்களேக்கா?”

“இப்ப அதாம்மா ஃபேஷன். டிவி பாக்கறதில்லயா நீ?”

அவள் நம்பினாள். அலுவலகத்திலும் இரண்டு பேர் அந்த மாதிரித் தைத்துக்கொண்டு வந்தார்கள்.

மருந்து ஏற்றுவது வியாழக்கிழமை, லீவு போட்டு. மறுநாள் வெள்ளியும் வீட்டு நாள்தான். முடி கொட்டிய பிறகு, திங்களிலிருந்து புதன்வரை விக், வெள்ளிக்கிழமை கேமராவுக்கு முன்னால் தலையில் ஈரத்துண்டு. “மேடம் வெள்ளிக்கிழமை தவறாம தலைக்குக் குளிச்சிடறாங்க” என்று நம் மேலாளர் எல்லோர் முன்னாலும் மெச்சினார். நீ வேதக்காரி, மாதா கோவிலுக்குப் போகிறவள் என்பது அங்கே ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அன்று நீ எனக்கு அனுப்பிய செய்தியில் ஒரே வரிதான் இருந்தது: “மாதா என்னை மன்னிப்பாளா?”

கடைசியாக நீ வந்த திங்கட்கிழமை, மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்றாய். மேலே போனதும் மாராப்பைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து, “தெரியுதா?” என்று கேட்டாய். இல்லை என்றேன். அது உண்மை. ஒன்றுமே தெரியவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளறையில் உன் அக்கா கல்யாணப் பட்டோடும் அதன் பழைய ஜாக்கெட்டோடும் நின்றிருந்தார். கல்யாணப் பட்டு கட்டித்தான் பெட்டியில் வைப்பது உங்கள் குடும்பத்து வழக்கம். ஜாக்கெட்டின் சின்னக் கை உன் இடது கையில் ஏறவில்லை. அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

“வெட்டாதீங்க. பீரோவுல நீளக் கை ஜாக்கெட் இருக்குங்க” என்றேன்.

“பெட்டிக்குள்ள போறவளுக்கு ஆபீஸ் ஜாக்கெட்டா?”

“ஆபீஸ்காரங்க வேன்ல வந்துகிட்டிருக்காங்க.”

“இனிமே யாரு பாத்தா என்னம்மா? அவளே போயிட்டா.”

“அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதாங்க அவ அத்தனை நாள் மாடி ஏறினா.”

பிறர் வீட்டுக் காரியத்தில் நான் குறுக்கே பேசியது அது ஒன்றுதான். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு பீரோவைத் திறந்தார். பஞ்சு வைத்த பாடியையும் விக்கையும் கேட்டேன். அவற்றையும் எடுத்துக் கொடுத்தார். சேலையை மடித்துப் பிடித்தேன். தோளில் பின் குத்த எனக்குக் கை வரவில்லை. அக்காதான் குத்தினார். கைகளைச் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றியபோது இரண்டும் ஒன்று போலவே இருந்தன.

மேலாளர் பெட்டியருகே வெகுநேரம் நின்றார். வெளியே வந்து என்னிடம், “நல்லாத்தானே இருந்தாங்க? திங்கக்கிழமைகூட எவ்ளோ நீட்டா வந்தாங்க. முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய்க் கண்ணீர் என்று நான் நினைக்கவில்லை. நீ சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. வேன்வரைக்கும் அவரோடு நடந்துபோய் வழியனுப்பினேன். உனக்கு என்ன நோய் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நீ கேட்டது நடந்தது. துணிகள் தம் வேலையைச் சரியாகச் செய்தன. உன் நாற்காலி கடைசிவரை உன்னுடையதாக இருந்தது. அதற்கு விலையாக, வருடக்கணக்கில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்தவர்கள் உன்னை ஒரு நாளும் பார்க்கவில்லை. இது வெற்றியா என்று நீ இருந்தால் உன்னோடு வாதாடியிருப்பேன். நீதான் ஜெயித்திருப்பாய்.

நீ போனபின் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் யாராவது ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உடுத்திக்கொண்டு வந்தால், சுற்றியிருப்பவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்கள் படியேறும்போது எங்கே நிற்கிறார்கள், பையை எந்தக் கைக்கு மாற்றுகிறார்கள் என்று பார்க்கிறேன். எதையும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லமாட்டார்கள் என்று தெரியும். மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.