இடது கிராங்க், இருபத்தைந்து மில்லி குறைவாக

பிப்ரவரி 8, ஞாயிறு

எங்கள் சைக்கிள் கிளப்பின் மலைப்பாதை அணிக்கு நாலு பேர். போன வருடம் வரை நாலாவது ஆள் நான். இன்று கிளப் பலகையில் என் பெயர் இருந்த இடத்தில் பல் டாக்டர் பெயர். நல்ல பெண், அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் விசில் மேல்தான். கிளப் தலைவர். கழுத்தில் விசில் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர்.

போன வருடம் நடந்த விபத்துக்குப் பிறகு என் இடது முட்டிக்குள் ஒரு தகடு. செங்கோணத்தைக் கொஞ்சம் தாண்டியதும் முட்டி அடம்பிடித்து நின்றுவிடும். பெடல் மேலே வரும்போதெல்லாம் இடுப்பைத் தூக்கிச் சமாளிக்கிறேன். பின்னாலிருந்து பார்க்க வாத்து மாதிரி இருக்கிறதாம்.

"இத்தனை வருஷம் ஓட்டினீங்கல்ல, போதும்மா. இனிமே கை தட்ட வாங்க" என்றார் விசில்.

"ஏப்ரல்ல தேர்வு ஓட்டம் இருக்கே?"

"அதுக்கும் கை தட்ட வாங்க."

கை தட்டவா? பார்க்கலாம்.

பிப்ரவரி 10

எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். முட்டி இதற்குமேல் மடங்காது, இனி எப்போதும். ஆனால் கால் அவ்வளவு உயரம் ஏறத் தேவையில்லை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம்.

அப்படியானால் இடது கிராங்கை மட்டும் குட்டையாக்கினால் போதும்! பெடலைத் தாங்குகிற அந்தக் கை நூற்றெழுபது மில்லி. நூற்று நாற்பத்தைந்து ஆனால் மேலே மடக்க வேண்டியது குறையும்.

சொல்வது சுலபம். கடையில் அந்த அளவில் கிடைப்பதெல்லாம் குழந்தை சைக்கிளின் இரும்புக் கிராங்க். என் அச்சில் பொருந்தாது, பொருந்தினாலும் மலை ஏறும்போது கல்லைக் கட்டிக்கொண்டு ஏறுவது போலத்தான். என்னுடையது எடையே தெரியாத கார்பன். வாங்கி வந்த அன்று என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள ஏதாவது வச்சிருக்கானா, இல்ல வெறும் டப்பாவா?" என்றார்.

இரும்பென்றால் உள்ளே தள்ளி ஒரு புதுத் துளை போட்டு மரை வெட்டிக்கொள்ளலாம். கார்பனில் கூடாது. முனையிலிருந்து முனைவரை ஓடுகிற இழைதான் அதன் பலம், துளை போட்டால் இழை அறும். இது எனக்கா தெரியாது? கால் இழந்தவர்களுக்குக் கார்பன் பாதம் செய்கிற பட்டறையில் வேலை. "கண்ட இடத்துல துளை போடாதே" என்று தினமும் அங்கே கத்துவதே நான்தான்.

பிப்ரவரி 15

துளை போட்டேன்.

பிப்ரவரி 17

வலி இல்லை! இடுப்பு ஆடவில்லை. ஆற்றுப்பாலம் வரை போய்விட்டு, போதாமல் இன்னொரு தடவையும் போனேன். தப்பு என்று தெரியும். தெரிந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

மேட்டில் எழுந்து நின்று மிதித்தேன். மிளகாய் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பெடல் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. முழங்கை முழுக்கச் சிராய்ப்பு, முட்டிக்கு ஒன்றும் இல்லை. கிளப் ஆட்கள் மொத்தமும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். விசில் கீழேயிருந்து யாருடைய பைக்கிலோ ஏறி வந்து உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதைத் திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 2

வீட்டில் இவர் மருந்து போட்டுக்கொண்டே, "உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார்.

எனக்கு என்ன வேணும்? ஓட்டணும்! அந்த நாலு பேர்ல ஒருத்தியா ஓட்டணும். முடியலைன்னா என் காலால முடியலைன்னு ஆகட்டும். ஒரு சாமான் இல்லாததால முடியலைன்னு ஏன் ஆகணும்? கால் இல்லாதவங்களுக்கெல்லாம் கால் செஞ்சு குடுக்கிறேன், எனக்கு ஒரு சாண் கிராங்க் செஞ்சுக்க மாட்டேனா?

இதையெல்லாம் அவரிடம் கத்தினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ செய்" என்றார். பஞ்சை என் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

மார்ச் 4

மேடத்திடம் கேட்டேன். பட்டறை அவருடையது.

"மிச்சத் துண்டுல செய்துக்கோ. அடுப்பை ஞாயித்துக்கிழமை போட்டுக்கோ. உடைஞ்சு விழுந்தா மட்டும் எங்க செஞ்சதுன்னு யார்கிட்டயும் சொல்லாதே."

மார்ச் 8, ஞாயிறு

உடைந்த கிராங்கை அளவு வைத்து அச்சு எடுத்தாகிவிட்டது. பிசின் ஊறிய கார்பன் துணியை வெட்டி, நீளவாக்கில் சில அடுக்கு, குறுக்கே சாய்த்துச் சில அடுக்கு. நீளம் மிதியைத் தாங்கும், சாய்வு முறுக்கைத் தாங்கும். பெடல் திருகுகிற அலுமினியக் குழாயைக் கார்பன் தொட விட்டால் காலப்போக்கில் அலுமினியம் அரித்துப்போகும், நடுவே கண்ணாடி இழைத் துணி சுற்றினேன். பிசின் வெந்து இறுகட்டும் என்று அடுப்பில் வைத்து, சாயங்காலம் திறந்தால் நடுவில் கொப்புளம். குப்பையில் போட்டேன். பாதத்துக்கு அழுத்துகிற அழுத்தம் இதற்குப் போதவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டாவது. தட்டிப் பார்த்தேன், நுனி முதல் அடி வரை ஒரே சத்தம். பளபளப்பு ஏற்றவில்லை. கறுப்பாக, முரடாக இருக்கிறது, என்னை மாதிரியே.

மார்ச் 22, ஞாயிறு

சோதனை. கிராங்கைப் பட்டறை இடுக்கியில் இறுக்கிப் பெடலை மாட்டி, இவரை ஏறி நிற்கச் சொன்னேன். நின்றார். குதிக்கச் சொன்னேன். குதித்தார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் உடம்பு இப்பத்தான் ஒரு வேலைக்கு ஆயிருக்கு."

அவரைக் குதிக்கவிட்டும் திருப்தி வராமல் இரும்புக் கட்டிகளைத் தொங்கவிட்டு, ஏற்றி இறக்கி, மதியம் முழுக்கப் படுத்தி எடுத்தேன். ஒரு முனகல் கூட இல்லை. பழைய கிராங்கைவிட எடை கொஞ்சம் அதிகம். இருக்கட்டும். காற்றைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு இளைக்க வைக்க நான் தயாராக இல்லை.

ஏப்ரல் 4

தேர்வுக்குப் பெயர் கொடுக்கப் போனேன். விசில் குனிந்து கிராங்கைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் குட்டை. இது சைக்கிளா, சர்க்கஸா? கம்பெனி முத்திரை எங்க?"

"கம்பெனி நான்தான்."

"முத்திரை இல்லாத சாமானுக்கு நான் கடிகாரம் பிடிக்க மாட்டேன். ஒரு தடவை விழுந்தது போதும்."

"அன்னைக்கு உடைஞ்சதுல முத்திரை இருந்துச்சே!"

"அதுல நீங்க துளை போட்டீங்க."

அது உண்மைதான். ஆனால் போகாமல் இருக்க அது ஒரு காரணமா?

ஏப்ரல் 12, ஞாயிறு

போனேன்.

ஒவ்வொருவராக விசிலடித்து அனுப்பினார். கடைசி ஆள் போனதும் கோட்டில் போய் நின்றேன். அவர் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். சரி, பார்க்கட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் வளைவில் காற்று எதிரே. இரண்டாவதில் தொடை எரிந்தது, இரண்டு தொடையும் ஒரே மாதிரி எரிந்தது! அந்த வலிக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன். நடுவில் ஒருவனை முந்தினேன். கடைசி மேட்டில் எழுந்து நின்று மிதித்தேன். அன்று பிய்ந்த அதே இடம். வாய்விட்டு என்னென்னவோ திட்டிக்கொண்டே மிதித்தேன். கிராங்க் வாயே திறக்கவில்லை.

முன்பே ஏறி முடித்துவிட்ட பல் டாக்டர் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். தன் கைக்கடிகாரத்தை நீட்டினாள்.

"நீங்க கிளம்பினப்போ கீழே என் வீட்டுக்காரர் போன் பண்ணிச் சொன்னார். நான் அழுத்திட்டேன்."

நேரக்கணக்கில் ஐந்தாவது. அவளுக்கு அடுத்து நான். கொஞ்சம்தான் வித்தியாசம், ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தான்.

அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. அவள் என்னைவிட வேகமாக ஏறினாள், அவ்வளவுதான். காலால் தோற்றேன். வாத்து மாதிரி நடந்து கை தட்டப் போகிறவளாகத் தோற்கவில்லை.

ஏப்ரல் 13

மாடிப்படி இறங்க முடியவில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

மே 21

பட்டறைக்கு விசில் வந்தார். விசில் இல்லாமல். கழுத்து மொட்டையாக இருந்ததால் முதலில் அடையாளமே தெரியவில்லை.

பாதம் மாட்ட வந்தவர்கள் நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல, "வலது முட்டி. மூணு வருஷமா. பெடல் மேல வரும்போது உயிர் போகுது" என்றார்.

மூன்று வருடமாக! கிளப்பில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இவர் மேடு ஏறாமல் கீழேயே கடிகாரத்தோடு நிற்கிறாரா? எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம் பற்றிக்கொண்டு வந்தது.

"உட்காருங்க, முட்டியை மடக்குங்க. எலும்பு டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிட்டு வாங்க. செஞ்சு தரேன்."

"யாருக்கும் தெரிய வேண்டாம்மா."

"கிளப்புல வச்சுத்தான் மாட்டுவேன். ஞாயித்துக்கிழமை, எல்லாரும் இருக்கும்போது."

"பழி வாங்குறீங்க."

"ஆமா."

ஜூன் 7, ஞாயிறு

வந்தார். எல்லார் முன்னாலும் நானே மாட்டினேன். யாரோ சிரித்தார்கள். விசில் அவர்களை முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். ஏறி ஒரு சுற்று மிதித்துப் பார்த்தவர், அடுத்த சுற்றை நிறுத்தவே இல்லை. கண் கலங்கியதா, வெயிலா, தெரியவில்லை.

அடுத்த தேர்வின் விதிகளைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். முத்திரை என்ற பேச்சே அதில் இல்லை. சுமை ஏற்றிச் சோதித்த சாமான் என்று மட்டும் இருக்கிறது. முதல் ஆளாகப் பெயர் எழுதினேன்.

பிறகு எல்லாரும் மலைக்குக் கிளம்பினோம். மூன்று வருடம் கழித்து மேடு ஏறுகிற விசில், என் பின்னாலேயே புஸ் புஸ் என்று வந்தார்.

"கொஞ்சம் மெதுவா போங்கம்மா!"

போகவில்லை.