கார் டிக்கியில் ஒரு ஜுப்பா

ஜூன் 12, வெள்ளி

காலையிலிருந்து மழை. ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கி ஆலையில் இரண்டாம் லைன் சென்சார் மறுபடியும் கோளாறு. சரிசெய்துவிட்டு வேலைச் சட்டையோடு ஜும்ஆ தொழுகைக்கு ஓட்டம். சட்டை முழுக்க ஆயில் வாடை. பக்கத்தில் தொழுதவர் மூக்கைச் சுளித்தார். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

மற்றவர்கள் செய்வது நல்ல ஏற்பாடு. பள்ளிவாசல் கார் நிறுத்துமிடத்தில் டிக்கி திறக்கும். பேன்ட் சட்டைக்கு மேலேயே கணுக்கால் வரை நீண்ட ஜுப்பா தலைவழியாக இறங்கும். தொழுகை முடிந்ததும் வந்த வழியே ஏறும். டிக்கி மூடும். சுத்தமான வேலை.

ஆக, எனக்கும் ஒன்று. ஆகஸ்டில் என் நிக்காஹ் என்று பேச்சு, அதற்கும் ஆகும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஜுப்பாவா? நீ என்ன தொழவைக்கிற ஹஜ்ரத்தா? ஒங்க அத்தா காலம் பூரா வெள்ளச் சட்ட, கைலியிலதான்டா தொழுதாங்க." திருச்சிக்கு அது சரி. இங்கே ஜூன் குளிர்காலம், இந்தக் காற்றில் கைலி கட்டிப் பார்க்கட்டும்.

ஜூன் 13, சனி

ஆன்லைனில் பார்த்தவை:

– வெள்ளை, சவுதி தையல், விறைத்த காலர். அழகு. நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். இந்த ஊருக்கு ஆகாது.
– அமீரகத் தையல். காலர் இல்லை, கழுத்தில் குஞ்சம். குஞ்சம் எதற்கு?
– மொரோக்கோ. முதுகில் தலைமூடி சேர்த்துத் தைத்தது. மழைக்கு நல்லது. எனக்குக் கூச்சம்.
– கருஞ்சாம்பல், கனத்த துணி, பக்கப் பைகளுக்கு ஜிப். இதுதான்.

சைஸ் என்றால் நீளம், அங்குலத்தில். கழுத்திலிருந்து கரண்டைக்காலுக்கு மேல்வரை அளந்தால் 56. துவைத்தால் சுருங்கும் என்று கணக்குப் போட்டு 58 ஆர்டர். கிடங்கு ஆக்லாந்திலேயே.

ஜூன் 17, புதன்

வந்துவிட்டது. வெந்நீரில் துவைத்தேன். ஒரு நூல் சுருங்கவில்லை. பாலியெஸ்டர். விவரத்தில் போட்டிருந்ததை நான்தான் படிக்கவில்லை. கரண்டையை மூடித் தொங்குகிறது, ஆண்களுக்கு மார்க்கத்தில் அது கூடாது. துவைத்ததைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம்.

ஓரத்தை மடித்து, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் டேப் வைத்து ஒட்டினேன். ஒரே வீட்டில் தங்கியிருக்கும் தினேஷ், மலேசியாக்காரன், சுற்றி வந்து பார்த்தான்.

"என்னலா இது, ஓரம் அட்டை மாதிரி நிக்குது."

தையலுக்குக் கொடுக்க நேரமில்லை என்றேன். இதைப் போட்டுக்கொண்டு கடை கண்ணிக்குப் போவாயா என்று கேட்டான். பள்ளிவாசலுக்கு மட்டும், மற்ற நேரம் டிக்கியில் கிடக்கும் என்றேன்.

"அப்ப அது காரோட துணி. ஒன்னோடது இல்லலா."

போடா.

ஜூன் 21, ஞாயிறு

மழை இல்லை, காற்று. மனுகாவில் சஹீரா வீடு. (இனி ச.) பெண் பார்த்து முடிந்துவிட்டது, இது நாள் குறிக்கும் பேச்சு. ச. ஆஸ்பத்திரியில் நர்ஸ், இங்கே வளர்ந்தவள். அவள் வாப்பா, என் வருங்கால மாமனார், கொழும்புக்காரர்.

ஜுப்பாவோடு காரில் போனேன். மாமாவுக்குப் பிடித்தது. துணியைத் தொட்டுப் பார்த்து "நல்லம்" என்றார். பிறகு அவர் கதை. வந்த புதிதில் ஜுப்பாவோடு நடந்து போயிருக்கிறார். ஓடுகிற காரிலிருந்து யாரோ மில்க் ஷேக்கை முகத்தில் வீசிவிட்டுப் போனார்களாம். அதோடு தெருவில் போடுவதில்லை.

"மஸ்ஜிதுக்குப் போடுங்க மகன். ரோட்டுல வேணாம். என்ட மகளும் பக்கத்துல வருவாதானே."

நியாயம் என்றேன். நான் தெருவில் போடப்போவதே இல்லை, டிக்கியில் வைத்திருப்பேன், தேவைப்பட்டால் போட்டு முடிந்ததும் கழற்றிவிடுவேன், ரிஸ்க் இல்லை என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

ச. ஷிப்ட் முடிந்து வந்த உடையிலேயே சோபாவில் இருந்தாள். தலையில் இருந்த ஸ்கார்ப்பைத் தொட்டாள்.

"நான் இத எந்த டிக்கியில கழட்டி வைக்கிற?"

மாமா தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்தான் கடைசியாக நிரம்புமாம். சில நாள் நிரம்பாமலே போகுமாம். கோபமில்லாமல், நோயாளியின் டெம்பரேச்சர் சொல்வது போலச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து போனாலும் ஆக்களுக்கு நான் மட்டும்தான் தெரிவன்."

பெண்களுக்குத் தலையை மூடுவது கடமை, ஆண்களுக்கு ஜுப்பா கடமை இல்லை, இரண்டும் வேறு என்றேன். "ஓம்" என்று மட்டும் தலையாட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். நான் கிளம்பும்வரை வரவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

மாமா போன். ச. யோசிக்க வேண்டுமாம். ஆகஸ்ட் தேதியை இப்போது யாருக்கும் சொல்ல வேண்டாம், கல்யாண ஹாலுக்கும் சொல்ல வேண்டாம். வேண்டாம் என்கிறாளா என்று நேராகக் கேட்டேன். "எனக்குத் தெரியா மகன்" என்றார். குரல் சரியில்லை.

நான் சொன்னதில் என்ன தப்பு? மார்க்கப்படி சரி. நடைமுறைப்படியும் சரி. மெஷின் என்றால் நின்றவுடன் எர்ரர் கோடு காட்டும்.

தினேஷிடம் சொன்னேன். சோறு தின்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அவ கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லலலா. ரூல் புக்கப் படிச்சுக் காட்டிருக்க."

தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

ஜூன் 26, வெள்ளி

தூறல். காரை வீட்டில் விட்டேன். ஜுப்பாவோடு பஸ். பையில் வேலைப் பேன்ட், சட்டை, பூட்ஸ்.

ஸ்டாப் வரை நடக்கும்போது ஒரு கார் பக்கத்தில் வேகம் குறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது திரும்புவதற்காகக் குறைத்தது, அவ்வளவுதான்.

ஜன்னல் சீட். பை மடியில். ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள் ஏறினார்கள். எல்லா சீட்டும் நிரம்பியது, என் பக்கத்து சீட் தவிர. இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வந்தார்கள். மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவன், என்னைப் போலவே எங்கேயோ ஆலைக்குப் போகிறவன், குனிந்து பையில் என்ன என்று கேட்டான். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துணி என்றேன். யாரையும் பார்க்காமல் சிரித்துவிட்டுப் பின்னால் போனான். பிடரியில் அவன் பார்வை இருப்பது போலவே இருந்தது. பெல் பட்டனில் கை. இறங்கி எங்காவது ஒரு கழிவறையில் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது ஆஸ்பத்திரி ஸ்டாப். ச. ஏறினாள். தற்செயல் என்று எழுதினால் பொய். அவளுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், முடிகிற நேரம் எனக்குத் தெரியும்.

என்னைப் பார்த்தாள். பக்கத்தில் காலியாக இருப்பதைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"பையில என்ன?"

அதே கேள்வி. மாற்றுத் துணி என்றேன்.

"எதுக்கு?"

"பயம்."

"எனக்கும்தான்" என்றாள். கையை நீட்டினாள். "தாங்க."

கொடுத்தேன். உட்கார்ந்தாள், பையை எங்கள் நடுவில் வைத்துக்கொண்டு. மனுகாவில் இறங்கினாள், பையோடு. கதவு மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆலை. பூட்ஸும் இல்லாமல் ஜுப்பாவோடு நின்றேன். மேனேஜர் மேலும் கீழும் பார்த்தார். வெளியே இன்னும் மழையா என்றார். பிறகு, கன்வேயர் பக்கம் போகாதே, எங்காவது சிக்கும் என்றார். நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து புரோகிராம் வேலை. கான்டீனில் சிலர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சொல்ல ஆசை, ஆனால் தட்டோடு ஆபீஸுக்கே திரும்பிவிட்டேன்.

ஜும்ஆவுக்கு உடன் வேலை பார்க்கும் ஒருவரின் காரில் போனேன். அவர் டிக்கியைத் திறந்து தன் ஜுப்பாவை மாட்டும்வரை நான் தூறலில் காத்து நின்றேன். ஓரத்து டேப் ஒரு பக்கம் பிரிந்து தொங்க ஆரம்பித்தது.

சாயங்காலம் ச.விடமிருந்து மெசேஜ்:

"பை வீட்ட இருக்கு. ஞாயிறு வந்து எடுங்க. ஜுப்பாவோட, பஸ்ல. ஓரம் பிரியப் பாக்குது, காலையிலயே கண்டன். என்ட உம்மா தைச்சுத் தருவா."