நேரலையில் பத்தாவது படிக்கிறவள்

அப்பாவுக்கு,

நேரில் பேச எனக்கு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் மனித உரிமைக் குழுவின் நேரலையில், பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவது குற்றம் என்று மேஜையைத் தட்டிப் பேசினீர்கள். போனைப் பிடித்திருந்ததும், வந்த கேள்விகளை வாசித்ததும் நான்தான். "அண்ணா, உங்க பொண்ணு என்ன படிக்கிறா?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். வாசித்துவிட்டு உங்களைப் பார்த்தேன். நீங்கள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"பத்தாவது. கிளாஸ்ல அவதான் ஃபர்ஸ்ட்!"

லைக்குகள் மளமளவென்று ஏறின.

அம்மா வேலைக்குப் போனதும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஏழாவதிலேயே என்னை நிறுத்தியது யார் அப்பா?

நேரலை முடிந்ததும், "எப்படிச் சமாளிச்சேன் பாத்தியாடி?" என்று சிரித்தீர்கள். "தம்பி அழுறான், போய்த் தூக்கு."

தூக்கினேன். நாளை காலை அவனை நீங்கள் தூக்குங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான் பள்ளிக்கூடம் போகிறேன், விட்ட ஏழாவதுக்கே. சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். யார் அனுப்பியது என்று டீச்சர் கேட்டால், அப்பாதான் என்பேன். நேரலை பார்த்த அத்தனை பேரும் சாட்சி.

உங்களை நம்பியிருந்த மகள்