சூடானால் படுக்கும் முள்

நவம்பர் 9, ஞாயிறு

அப்பாவின் காருக்கு இஞ்சின் வேலை முடித்தும் ஆயில் பிரஷர் நிற்கவில்லை. மெக்கானிக் பாஷா பம்பை மாற்றினான், அடியிலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவினான். இன்று அல்சூர் வரை ஓட்டிப் பார்த்தோம். இஞ்சின் சூடானதும் பிரஷர் மீட்டர் முள் மறுபடியும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பேரிங்கில் இடைவெளி அதிகமாம். முழுவதும் பிரிக்க வேண்டுமாம்.

நாளைக் காலையில் காரை வாங்க ராஜு வருகிறான். அப்பா கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத என் தம்பி. அவருடைய கார் மட்டும் வேண்டும். எங்களுக்குள் பேச்சு இல்லை. எல்லாம் என் மனைவி கமலா மூலம்தான்.

"குளுந்த இஞ்சின்ல காமிச்சுடுங்க சார், முள்ளு கும்முனு நிக்கும்," என்றான் பாஷா. "வேற யாராவதுன்னா பாவம். உங்க தம்பிதானே!"

நானும் சிரித்தேன்.

சாப்பிடும்போது கமலா சொன்னாள்: "வண்டிய எடுத்துட்டு நேரா ஓசூர் போறாராம். அவர் பொண்ணும் கூட வருதாம்."

ஓசூர் ரோட்டில் ஹெப்பகோடி தாண்டுவதற்குள் இஞ்சின் இறுகிவிடும், லாரிகளுக்கு நடுவே. அவன் நடுரோட்டில் நிற்கட்டும். ஆனால் அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள்?

அவனிடம் வாய் திறக்க மாட்டேன். அதில் மாற்றமில்லை. அவன் வருவதற்கு முன்பே இஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றி வைக்கிறேன். முள் எங்கே கிடக்கிறது என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

பார்ப்பான். ஸ்டியரிங்கைத் தொடவிடுவதற்கு முன்னால் அப்பா எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்தது அந்த முள்ளைப் பார்க்கத்தான்.

பார்க்காவிட்டால்?