கண்மாய்க்கரை அகலம்

தர்மராஜின் அய்யா அவர்களுக்கு, சண்முகவள்ளி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மாடும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நன்றாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன், அதனால் நலம் விசாரிக்கவில்லை.

போனில் கூப்பிட்டால் வாங்கிப் பேச மாட்டேன் என்கிறீர்கள். வாய் குழறுகிறது என்று வெட்கம். கட்டிய பெண்டாட்டியிடம் என்ன வெட்கம்? சரி, கடிதத்துக்கு வாய் வேண்டாம், கண் போதும். மருமகள் நாகஜோதியிடம் கொடுக்காமல் நீங்களே படியுங்கள்.

உங்களை மதுரையில் மகன் தர்மராஜ் வீட்டில் விட்டுவிட்டு எந்த அறுவடைக்காக ஓடி வந்தேனோ அது முடிந்தது. மெஷினை இறக்கி ஒரே பகலில் அறுத்துவிட்டார்கள். கண்மாயில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது. மேலத்தெரு மீனம்மாள் பார்க்கும்போதெல்லாம், "அண்ணே எப்ப வாராக?" என்று கேட்கிறாள். நான் மாட்டைத் திட்டுகிற சாக்கில் நழுவிவிடுகிறேன்.

நேற்று தர்மராஜ் பேசினான். வாதம் இழுத்த கால் தேறுகிறதாம், நடந்தால்தான் முழுசாகத் தேறும், இல்லாவிட்டால் சூம்பிப்போகும் என்று டாக்டர் சொன்னாராம். பயிற்சி கொடுக்க வருகிறவரைப் பார்த்ததும் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்களாம். "ஏலே, நான் காலை இழுத்துக்கிட்டுப் போறத நாலு பேரு பாக்கணுமா? நடந்தா பழைய மாதிரி நடப்பேன், இல்லாட்டி இப்படியே கெடக்குறேன்" என்றீர்களாம். மாட்டை விற்றுவிட்டு என்னையும் வரச் சொல்கிறான். சொல்லும்போதே அழுதுவிட்டான். எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

உங்கள் பழைய நடையைப் பற்றி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். கல்யாணமான மறுநாளிலிருந்து உங்கள் முதுகைப் பார்த்தே நடந்தவள் நான். நீங்கள் கையை வீசி முன்னால் போவீர்கள். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட்டமும் நடையுமாக வருவேன். ஒரு வெள்ளிக்கிழமை திருவெற்றியூரில் பாகம்பிரியாளைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, நான் பின்னால் வருகிறேன் என்று நினைத்து நீங்கள் பஸ் ஏறிப் போய்விட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தீர்களாம். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிய என்னிடம், "நீ வாரேன்னுல்ல நெனச்சேன்" என்றீர்கள். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். நான் ஏன் பிந்தினேன் என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை.

முழங்கால் வலி. அப்போதே இருந்தது. நின்று நின்றுதான் வந்தேன். அதற்குப் பிறகும் சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் அந்த வலியோடுதான் உங்கள் பின்னால் ஓடினேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குறை சொல்ல எழுதவில்லை. கொஞ்சம் குறையும்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது சாயங்காலம் கண்மாய்க்கரையில் நான் மட்டும் நடக்கிறேன். வலித்தால் நிற்கிறேன், விட்டதும் நடக்கிறேன். யாரையும் எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை என்றதும் என் கால் எவ்வளவு தூரம் போகிறது தெரியுமா? எனக்கே ஆச்சரியம். ஆனால் முன்னால் உங்கள் முதுகைக் காணாமல் கரை வெறிச்சென்று கிடக்கிறது. பாதி நாள் அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

அதனால் நாளைக்கு அந்தப் பயிற்சிக்காரர் வரும்போது எழுந்து உட்காருங்கள். கால் இழுத்தால் இழுக்கட்டும். பழைய வேகம் வேண்டவே வேண்டாம், அது எனக்கு ஒருநாளும் ஒத்து வந்ததில்லை. இப்போது நீங்கள் நடக்கக்கூடிய நடைதான் என் காலுக்குச் சரியான நடை. வரப்பில்தான் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். கண்மாய்க்கரை வண்டி போகிற அகலம், ரெண்டு பேர் தாராளமாகச் சேர்ந்து போகலாம்.

மாட்டை விற்க மாட்டேன் என்று தர்மராஜிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் வந்ததும் இருவரும் நடந்தே சன்னதிக்கு வருவதாகப் பாகம்பிரியாளுக்கு நேர்ந்திருக்கிறேன். அவள் உங்களைக் கைதூக்கி எழுப்பி நிறுத்தட்டும். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தத் தடவையாவது என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடாதீர்கள்.

உங்கள்
சண்முகவள்ளி