பொன்னாடையால் போன ஒரு புள்ளி

அனுப்புநர்
ந. பிரவீணா,
த/பெ. நல்லுசாமி,
செட்டிகுளம், ஆலத்தூர் வட்டம்,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் அவர்கள்,
அரியலூர்.

பொருள்: 24.01.2026 அன்று அரியலூரில் நடந்த கல்லூரி மகளிர் கூடைப்பந்து இறுதிப் போட்டி – தாங்கள் நேரில் கண்ட நிகழ்ச்சிக்காக எங்கள் உதவிப் பயிற்சியாளர் செல்வி சகாய பிரியா வேலையை விட்டு அனுப்பப்படவிருப்பது – கண்டதை எழுத்தில் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் பெரம்பலூரில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறேன். பெயர் போடாமல் மனு அனுப்பும்படி அணியில் நான்கு பேர் சொன்னார்கள். பெயரில்லாத மனு கூடைக்குத்தான் போகும். கூடைக்குப் பந்து போனால் போதும் என்று கருதிப் பெயர், முகவரி இரண்டையும் கொடுத்திருக்கிறேன்.

2. சகாய பிரியா அவர்கள் ஏலாக்குறிச்சிக்காரர். இதே கல்லூரியில் படித்து, இதே அணிக்கு ஆடி, 2014 ஜூனில் தற்காலிக உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இன்றும் தற்காலிகம்தான். அவர் சேர்ந்த ஆண்டு நட்ட வேப்பங்கன்றின் நிழலில் நாங்கள் இப்போது தண்ணீர் குடிக்கிறோம். கன்று நிரந்தரமாகிவிட்டது, அவர் ஆகவில்லை. அரியலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்கிறார். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அணி ஒன்பது கோப்பை வாங்கியிருக்கிறது. ஒன்பது புகைப்படத்தில் ஒன்றில்கூட அவர் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவர் அவர்.

3. அவர் இல்லாவிட்டால் நானும் இல்லை. "பொட்டப்புள்ள அரைக்கால் சட்டை மாட்டிட்டு பந்து பின்னாடி ஓடத்தான் காலேஜில சேத்தனா?" என்று என் அப்பா குதித்த அன்று, சகாய பிரியா மிஸ் செட்டிகுளத்துக்கே வந்துவிட்டார். அம்மாவோடு களத்தில் உட்கார்ந்து, சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டே மூன்று மணி நேரம் பேசினார். "முழுக்கால் சட்டை போட்டே ஆடட்டும்ங்க. ஆனா ஆடட்டும்ங்க" என்றார். அப்பா கடைசியில், "அடி படாம கூட்டியாந்துருங்க" என்று மட்டும் சொன்னார். அணியில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். வெங்காயத்துக்குப் பதில் மக்காச்சோளம்.

4. இனி, காகிதத்தில் எங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் உடற்கல்வி இயக்குநர் திரு. வெள்ளைச்சாமி. 2019 முதல் இருக்கிறார் என்று சொல்கிறார்கள். பயிற்சிக்கு வராத நாளுக்குப் பதிவேட்டில் ஒருமுறை "ரயில் தாமதம்" என்று எழுதியிருந்தார். பெரம்பலூருக்கு எந்த ரயில் வருகிறது என்பதைத் தாங்கள் விசாரித்துச் சொன்னால் ஊரே சந்தோஷப்படும்.

5. இறுதிப் போட்டி நாளுக்கு வருகிறேன். ஆட்ட விதிப்படி, பெஞ்சில் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர் இருவரில் ஒருவர்தான் ஒரு நேரத்தில் எழுந்து நிற்கலாம். வெள்ளைச்சாமி அவர்கள் அன்றும் வழக்கம்போல் உட்கார்ந்தே இருந்தார். மிஸ் நின்று ஆட்டத்தை நடத்தினார். இரண்டாவது கால்பகுதியில் வெள்ளைச்சாமி அவர்கள் செல்போன் பேச எழுந்தபோதே நடுவர் எச்சரித்துவிட்டார்.

கடைசியில் 48–48. ஒன்பது வினாடி பாக்கி. பந்து எங்களுடையது. கோட்டுக்கு வெளியிலிருந்து யார் போடுவது, யார் ஓடுவது என்று மிஸ் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சிறப்பு விருந்தினராகத் தாங்கள் உள்ளே வந்தீர்கள். நம் பக்கத்தில் ஆட்டம் நின்றாலும் நிற்கும், பொன்னாடை நிற்காது. வெள்ளைச்சாமி அவர்கள் பைக்குள்ளிருந்து பச்சைப் பொன்னாடையை உருவிக்கொண்டு எழுந்து, கோட்டோரமாகவே ஓடிவந்து தங்கள் தோளில் போர்த்தினார். தாங்கள் கும்பிட்டீர்கள். நடுவர் விசில் அடித்தார். ஒரே நேரத்தில் இருவர் நின்றதற்காகப் பெஞ்சுக்கு டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. 49–48. அதற்குப் பிறகு கடைசி ஷாட் போட்டவள் நான். பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. அது என் கணக்கு. அந்த ஒரு புள்ளி யார் கணக்கு?

6. திரும்பும் பஸ்ஸில் வெள்ளைச்சாமி அவர்களே தீர்ப்புச் சொன்னார்: "ஏம்மா, நீ உக்காந்திருந்தா இது ஆயிருக்குமா?" மிஸ் பின் சீட்டில் அழுதுகொண்டிருந்த எங்கள் அணி ரீனாவின் கணுக்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். 02.02.2026 அன்று மிஸ்ஸுக்கு மெமோ வந்தது. முதல் குற்றச்சாட்டு: அதிகாரமின்றி எழுந்து நின்று அணியைத் தோற்கடித்தார். இரண்டாவது: மாணவிகளைத் தூண்டிவிட்டு இயக்குநரை அவமதிக்கும் சுவரொட்டி ஒட்டச் செய்தார். வரும் திங்கள் 16.02.2026 காலை பதினொரு மணிக்கு விசாரணை. அதற்கு முன் தாமாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் "நல்லபடியா போயிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மிஸ் பேனாவை எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

7. இரண்டாவது குற்றத்தைச் செய்தவள் நான். 27.01.2026 காலை இயக்குநர் அறைக் கதவில் ஒட்டிய வாசகம்: "காணவில்லை. பெயர்: வெள்ளைச்சாமி. கடைசியாகக் காணப்பட்ட இடம்: கோப்பைக்குப் பக்கத்தில். கண்டவர்கள் கோர்ட்டில் ஒப்படைக்கவும்." எழுதியது நான். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தது நான். பசை என்னுடையது. தூண்டியவர் யாருமில்லை, இந்த மாதிரி வேலைக்கு எனக்குத் தூண்டுதல் தேவைப்பட்டதே கிடையாது. மிஸ்ஸுக்குத் தெரிந்திருந்தால் மைதானத்தை இருபது சுற்று ஓடவிட்டு, கிழிக்கவும் வைத்திருப்பார். முதல்வரிடம் இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். இடைநீக்கம் செய்யட்டும், அணியிலிருந்து எடுக்கட்டும். என் குறும்புக்கு மிஸ்ஸின் பன்னிரண்டு வருடத்தை விலையாக வாங்க யாருக்கும் உரிமை கிடையாது.

8. ஆகவே ஐயா, கருணை காட்டுங்கள் என்று கேட்கவில்லை. யார் நின்றிருந்தார், யார் எழுந்து வந்தார் என்பதைத் தங்களைவிட அருகில் பார்த்தவர் இல்லை. துணியே தங்கள் தோளில் விழுந்தது. அதை நான்கு வரியில் எழுதி, கையொப்பமிட்டு, திங்கள் பதினொரு மணிக்குள் எங்கள் கல்லூரி முதல்வருக்கு அனுப்ப வேண்டுகிறேன். ஃபவுல் விசில் கேட்டால் செய்தவள் தானே கையைத் தூக்க வேண்டும் என்பது மிஸ் எங்களுக்கு முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்தது. என் ஃபவுலுக்கு நான் தூக்கிவிட்டேன். வெள்ளைச்சாமி அவர்கள் தூக்க மாட்டார். அவர் கையைத் தாங்கள்தான் தூக்கிக் காட்ட வேண்டும்.

இடம்: பெரம்பலூர்
நாள்: 11.02.2026

இப்படிக்கு,
ந. பிரவீணா
(சட்டை எண் 9)

இணைப்பு: நடுவர் கையொப்பமிட்ட ஸ்கோர் ஷீட் நகல், தாங்கள் பொன்னாடையுடன் கும்பிடும் புகைப்படம். பின்னால் மிஸ் நின்றுகொண்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது.