கேமராவுக்குத் தெரியாத இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

எஸ்தர் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா? போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

பொம்மசந்திரா தொழிற்சாலையில் எங்கள் இயந்திரக் கைக்கு, ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று அளக்கும் கேமரா உண்டு. ஆள் நெருங்கினால் கை நின்றுவிடும். வீடியோ தெளிவாக வரட்டும் என்று மென்பொருளில் படத்தின் ரெசல்யூஷனை உயர்த்தியவள் நான்தான். உயர்த்தினால் மிக அருகில் இருப்பதை அது அளக்காது, பூஜ்யம் என்று காட்டும். பூஜ்யம் என்றால் யாருமில்லை என்று எழுதியிருந்தேன்.

செவ்வாயன்று, பெருக்க வந்த லட்சுமம்மா கேமராவுக்கு நேராகக் குனிந்தார். கை நிற்கவில்லை. என்னோடு வேலை செய்யும் கிரண்தான் ஓடிவந்து, கையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தான். லட்சுமம்மாவின் வளையல் உடைந்தது, அவ்வளவுதான்.

“என்னம்மா, நான் அதுக்குக் கண்ணுக்கே தெரியலியா?” என்று லட்சுமம்மா சிரித்தார். 

தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். மென்பொருளையும் திருத்திவிட்டேன். என் சிவப்பு ஸ்வெட்டரை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள், ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம்.

ஆள் உயரப் பொம்மையை வைத்துச் சோதித்ததில் கை நின்றது. இன்று ஆளை வைத்துப் பார்க்கவேண்டும். லட்சுமம்மா நான் வந்து நிற்கிறேன் என்றார், நான் விடவில்லை. நானே நிற்பதாகச் சொல்லிவிட்டேன். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்,
எஸ்தர்